சறுக்கியதைச் சபையில் சொல்கிறவர்கள்

2019 பிப்ரவரியின் முதல் வார இறுதி. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், ஒரு பல்கலைக்கழக வளாகத்து வகுப்பறைகளில் ஃபாஸ்டெம் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்காரர்கள் ஆண்டுதோறும் கூடுகிற இடம் அது. டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. கதவு திறந்திருக்கும், இடம் இருந்தால் உட்காரலாம், நிரம்பிவிட்டால் அடுத்த அறையைப் பார்க்கப் போகலாம். அங்கே தோமாஷ் வோந்த்ரா பேச எழுந்தார். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் பொறியாளர்களில் ஒருவர். எஃப்-சிங்க் என்ற ஒரு கட்டளையைப் போஸ்ட்கிரஸ் 20 வருடமாகத் தப்பாகவே பயன்படுத்தி வந்தது எப்படிச் சாத்தியம், இனி அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் அவர் பேச்சுக்கு வைத்திருந்த தலைப்பு.

தன் சரக்கில் 20 வருடப் பழுது இருக்கிறது என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டு மேடையேறுகிறவரை வேறு எந்தத் தொழிலில் பார்த்துவிட முடியும்? கார் கம்பெனியாக இருந்தால் வக்கீலைக் கேட்காமல் வாயே திறந்திருக்காது.

பழுது என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாம் டேட்டாபேஸில் எழுதும் தகவல் அந்த நொடியே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்குகிறது. பிறகு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் அதை வசதிப்படி டிஸ்க்கில் இறக்குகிறது. "நான் கொடுத்ததெல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா?" என்று டேட்டாபேஸ் கெர்னலைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் கட்டளைதான் எஃப்-சிங்க். இறங்கவில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது? கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டால் போயிற்று, கெர்னல் அதற்குள் மறுபடி முயன்றிருக்கும் என்று போஸ்ட்கிரஸ் நம்பியது. லினக்ஸ் கெர்னலின் வழக்கம் வேறாக இருந்தது. டிஸ்க் மக்கர் செய்து எழுத முடியாமல் போனால், அதை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை 'வேலை முடிந்தது' என்று குறித்துவிடும். அடுத்த முறை கேட்டால் "எல்லாம் சரி" என்ற பதில் வரும். போய்ச் சேராத ரிஜிஸ்டர் தபாலைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நிலுவையில் ஒன்றும் இல்லை" என்று சொல்கிற தபால்காரரைப் போல. பதில் சரிதான், தபால்தான் இல்லை.

இந்தப் பதிலை நம்பிய போஸ்ட்கிரஸ், மீட்புக்கென்று எழுதி வைத்திருந்த பழைய பதிவுகளையும் இனித் தேவையில்லை என்று கழித்துவிடும். தகவல் போன சுவடே இருக்காது. ஸ்டோரேஜில் ஒரு கோளாறு வந்த பிறகு ஒரு பயனாளரின் தரவு சிதைந்திருந்ததைத் துரத்திப்போன கிரெய்க் ரிங்கர் என்ற பொறியாளர்தான் 2018-இல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். யார் தப்பு என்று இரு தரப்பிலும் சூடான வாதம் நடந்தது. அந்த வசந்தகாலத்திலேயே லினக்ஸ் கெர்னல்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் கூட்டத்துக்குப் போஸ்ட்கிரஸ்காரர்கள் போய் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் போஸ்ட்கிரஸ் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டது: எஃப்-சிங்க் ஒருமுறை தோற்றாலே டேட்டாபேஸ் உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், மீட்புப் பதிவிலிருந்து திரும்ப எழும். இந்த மாற்றத்தோடு வந்த பதிப்புகள் 2019 பிப்ரவரி 14 அன்று வெளியாயின. பிரசல்ஸ் பேச்சுக்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இது பொறியாளர்களின் உள்வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். ஃபாஸ்டெம் மாதிரி கூட்டங்களின் அறைகளில் உட்கார்ந்திருக்கும் டிபிஏவுக்கு, அதாவது டேட்டாபேஸைப் பராமரிக்கிறவருக்கு, அப்படித் தோன்றாது. மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாகத் தன் சர்வர் லாகில் எழுதத் தவறிய பிழை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுவார். கையேட்டில், ஒரு பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இருக்கும். எப்போது செய்யாது என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும். டிபிஏக்களின் கூட்டங்கள் இந்த ஒரு காரியத்துக்காகவே நடக்கின்றன என்றால் மிகை இல்லை. மற்றதெல்லாம், தேநீர் இடைவேளை உட்பட, அதற்கான ஏற்பாடுதான்.

ஞாயிறு காலை இட்லி நேரத்தில்

டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற டிபிஏவின் வேலை என்ன? பேக்கப் எடுப்பது, எடுத்த பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, பேட்ச் போடுவது, மெதுவாக ஓடும் குவெரியைப் பிடித்து ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்று தீர்மானிப்பது. எல்லாம் சரியாக நடந்தால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் நள்ளிரவில் மிக அவசரம் என்று பொருள்படும் பி-ஒன் டிக்கெட் விழும், பிரிட்ஜ் கால் என்ற கூட்டு அழைப்பில் மேனேஜர்கள் வரிசையாக வந்து சேர்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாறிமாறிக் கேட்பார்கள். திரையில் கட்டளை அடித்துக்கொண்டிருக்கும் கை ஒன்றுதான்.

சென்னை ஓ.எம்.ஆரில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்ச் போட, பதிப்பு மாற்ற, அமெரிக்க கிளையண்ட் ஒதுக்கித் தருவது பெரும்பாலும் அவர்களுடைய சனிக்கிழமை இரவு. அது நமக்கு ஞாயிறு காலை. வீட்டில் இட்லி வேகும் நேரத்தில் இவர் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார். இருபது முப்பது டெவலப்பர்கள் இருக்கும் புராஜெக்டில் டிபிஏ ஒருவரோ இருவரோதான். டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையைக் கேட்கலாம். டிபிஏவின் பக்கத்து இருக்கையில் டெவலப்பர்தான் இருப்பார். அவர் டேட்டாபேஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று இவரிடம் கேட்க வந்தவர்.

தொழிலில் தனியாள் என்பதால்தான் டிபிஏக்கள் வெளியே போய்ச் சகதொழிலாளியைத் தேடுகிறார்கள். நிறுவனம் அனுப்பும் பயிற்சி வகுப்பில் அந்த ஆள் கிடைப்பதில்லை.

சனிக்கிழமைகளின் கணக்கு

2007 நவம்பர் 10, சனிக்கிழமை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில், மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்.கியூ.எல். சர்வரில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு நாள் இலவசக் கூட்டம் நடந்தது. ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் ஆகிய மூவர் இதற்குப் பின்னால் இருந்தார்கள். எஸ்.கியூ.எல். சாட்டர்டே என்று பெயர் வைத்தார்கள். அதற்கு எண் 1. பிறகு எந்த ஊரில் நடந்தாலும் அடுத்த எண். 2020 வாக்கில் எண் ஆயிரத்தையொட்டி வந்துவிட்டது. நம் பெங்களூரும் அந்த வரிசையில் உண்டு.

டிபிஏவுக்கு வார நாளில் விடுப்பு கிடைக்காது. கிடைத்தாலும் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் மேனேஜர் முகம் சுளிப்பார். சனிக்கிழமைக்கு யாரையும் கேட்க வேண்டாம். இந்த எளிய கணக்கில்தான் முழு ஏற்பாடும் நின்றது. இடம் பெரும்பாலும் கல்லூரி வகுப்பறையோ மைக்ரோசாஃப்ட் அலுவலகமோ. பேசுகிறவருக்குச் சம்பளம் இல்லை. டிக்கெட்டும் தங்கும் செலவும் அவர் கைக்காசு. அவருக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை இரவு மற்ற பேச்சாளர்களோடு ஒரு சாப்பாடு, பெயர் பொறித்த ஒரு சட்டை. அதற்காக விமானம் ஏறி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு முழுநாள் கட்டணப் பயிற்சி வைத்து அதில் செலவை ஓரளவு ஈடுகட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அப்படியானால் செலவு யார் தலையில்? அதற்கு அந்தக் கூட்டங்களின் ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்பீட்பாஸ் என்று பெயர். பதிவு செய்தவர் வீட்டிலேயே அச்சடித்து, கத்தரியால் வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு துண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெயர் அட்டை. ஒரு துண்டு, மதியச் சாப்பாட்டு டோக்கன். மிச்சமெல்லாம் ஸ்பான்சர் நிறுவனங்களின் பரிசுச் சீட்டுகள்; ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் அச்சாகி இருக்கும். இடைவேளையில் ஸ்பான்சர் மேசைக்குப் போய் அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டால், மாலையில் குலுக்கலில் ஏதாவது விழலாம். விழுகிறதோ இல்லையோ, மறுவாரம் அந்த நிறுவனத்தின் விற்பனைக் கடிதம் நிச்சயம் வரும். வெட்டிக்கொண்டு வர மறந்தவர்கள் காலையில் வாசலில் பிரிண்டர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். கத்தரிக்கோல் அங்கே எப்போதும் போதாது.

பேரம் வெளிப்படையானது: உங்கள் முகவரி அவர்களுக்கு, சாப்பாடும் அறையும் உங்களுக்கு, மேடை மட்டும் யாருக்கும் விற்பனைக்கு இல்லை. கடைசி நிபந்தனையைக் காப்பாற்றிய ஊர்களில் கூட்டம் நன்றாக நடந்தது. ஸ்பான்சர் ஆளுக்கே ஒரு மணி நேரத்தைக் கொடுத்த இடங்களில் பின்வரிசை காலியானது. அந்த ஒரு மணி நேரத்தில் எந்தச் சறுக்கலும் வராது என்பது கேட்கிறவனுக்குத் தெரியும்.

அந்த 2007-ஐ இன்னொரு முறை திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. மே மாதம் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் போஸ்ட்கிரஸ்காரர்களின் பிஜிகான் தொடங்கியது. ஏற்பாடு டேன் லாங்கில். ஜூலையில் இத்தாலியின் பிராத்தோ என்ற சிறு நகரத்தில் ஐரோப்பியர்கள் தங்கள் பங்குக்கு ஒரு போஸ்ட்கிரஸ் கூட்டம் போட்டார்கள். அக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் எஸ்.கியூ.எல்.பிட்ஸ் பிறந்தது. ஊர் மாறிமாறி இன்றுவரை நடக்கும் அந்தக் கூட்டத்தில் வெள்ளி இரவு வேஷம் கட்டும் விருந்து உண்டு, சனிக்கிழமை இலவசம். ஒரே வருடத்தில் நான்கு இடங்களில் ஒரே எண்ணம் முளைத்திருக்கிறது. பொதுக்காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் அழகாகத்தான் இருக்கும். தற்செயல் என்றே விட்டுவிடுகிறேன்.

பெரிய வீடு சரிந்தபோது

எஸ்.கியூ.எல். சாட்டர்டேயை 2010-இல் பாஸ் என்ற அமைப்பு எடுத்துக்கொண்டது. எஸ்.கியூ.எல். சர்வர் தொழிலாளர்களுக்காக 1999-இல் மைக்ரோசாஃப்டும் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸும் கைகொடுத்துத் தொடங்கிய சங்கம் அது. ஊருக்கு ஊர் மாதக் கூட்டம், சனிக்கிழமைக் கூட்டம், இவற்றுக்கு மேல் வருடத்துக்கு ஒரு மாநாடு. மாநாடு பெரும்பாலும் சியாட்டிலில். மைக்ரோசாஃப்டின் வாசல் அது. ஆயிரக்கணக்கில் வருவார்கள். மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களே ஒரு அறையில் உட்கார்ந்திருக்க, உங்கள் சர்வரின் வியாதியைக் கொண்டுபோய் நேரில் காட்டலாம். டிக்கெட் விலையில் பாதி அந்த அறைக்கே தகும் என்று போனவர்கள் சொல்வார்கள். தொழில்நுட்பத்தில் பெண்கள் என்ற மதிய உணவுக் கூட்டம் நடக்கும் நாளில் ஆண்கள் பலர் ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டிக்கொண்டு வருவது ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. எப்படித் தொடங்கியதோ, வேட்டி கட்டிய ஊர்க்காரனுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை.

சங்கத்தின் வரவில் பெரும்பங்கு அந்த ஒரு மாநாட்டிலிருந்துதான் வந்தது. 2020-இல் கொரோனா வந்தது, மாநாடு இணையத்துக்குப் போனது, வருமானம் விழுந்தது. அந்த டிசம்பரில் கதவைச் சாத்தப்போவதாக அறிவித்தார்கள். 2021 ஜனவரி 15-ஆம் தேதி பாஸ் தன் பணியை நிறுத்திக்கொண்டது. இருபது வருடத்துக்கு மேல் நடந்த சங்கம், இரண்டு மாதம்கூட அவகாசமில்லாமல் போனது.

எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் நகலில்லாமல் வைக்கக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவர்களின் சங்கம், தன் வருமானத்தை ஒரே மாநாட்டில் வைத்திருந்தது. கசப்பான வேடிக்கைதான். ஆனால் நடந்ததைக் கவனித்தால், பெரிய அமைப்பு இல்லாமல்போனதில் நின்றது சியாட்டில் மாநாடு மட்டும்தான், அதுவும் சிறிது காலத்துக்கு. ரெட்கேட் என்ற மென்பொருள் நிறுவனம் பெயரையும் உரிமைகளையும் வாங்கி மாநாட்டைத் திரும்பத் தொடங்கியது. சனிக்கிழமைக் கூட்டத்தின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் விட்டது. தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் ஜோன்ஸ் அப்போது ரெட்கேட்டில்தான் வேலை பார்த்துவந்தார். அதற்குள் பொறுமையில்லாத சிலர் டேட்டா சாட்டர்டேஸ் என்று வேறு பெயரில் தனிக் கடையே போட்டுவிட்டார்கள். ஒரு கல்லூரி அறை, நான்கு ஸ்பான்சர், பேச வரும் பத்துப் பேர். இவ்வளவுதான் வேண்டியிருந்தது, இவை மூன்றும் தலைமையகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஓக் மர மேசையைச் சுற்றி

மைக்ரோசாஃப்ட் உலகத்தின் கூட்டம் கலகலப்பானது என்றால், ஆரக்கிள் உலகத்தில் கொஞ்சம் முறைப்பான கூட்டம் ஒன்று இருந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் மோகன்ஸ் நோர்கோர் என்பவரின் வீட்டில் ஒரு ஓக் மர மேசை. மாநாடுகளுக்கு வந்த ஆரக்கிள் நிபுணர்கள் இரவில் அதைச் சுற்றி உட்கார்ந்து பேசிப்பேசி, அதுவே ஓக் டேபிள் நெட்வொர்க் என்ற பெயராகிவிட்டது. பிரிட்டனின் ஜொனாதன் லூயிஸ், அமெரிக்காவின் கேரி மில்சாப், ஆஸ்திரேலியாவின் கானர் மெக்டொனால்ட் எல்லாம் அந்த மேசைக்காரர்கள். 2004-இல் அவர்கள் கூடி எழுதிய கட்டுரைகள் ஒரு புத்தகமாகவே வந்தன.

இவர்களுக்கு ஒரே கொள்கை: அளந்து காட்டு, இல்லாவிட்டால் பேசாதே. அந்தக் காலத்தில் ஆரக்கிள் டிபிஏக்களிடையே 'கேஷ் ஹிட் ரேஷியோ' என்ற எண் கிட்டத்தட்ட சாமியாக இருந்தது. டேட்டாபேஸ் கேட்கும் தகவலில் எத்தனை சதவீதம் டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைக்கிறது என்பதன் கணக்கு அது. 90 என்றால் கவலை, 99 என்றால் நிம்மதி. 99-க்கு மேல் இருப்பதும் நோய்க்குறிதான், வேண்டாத வேலையை நினைவகத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் மோசமான குவெரி இருந்தாலும் அந்த எண் உயரும் என்று கேரி மில்சாப் 2001-இல் ஒரு கட்டுரையே எழுதினார். கானர் மெக்டொனால்ட் செய்தது அதைவிடக் குறும்பு. உங்களுக்கு எத்தனை சதவீதம் வேண்டும் என்று கேட்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். 95 என்றால் 95, 99 என்றால் 99. ஒரு பிரயோஜனமும் இல்லாத படிப்பை நினைவகத்தில் ஓட்டோ ஓட்டென்று ஓட்டி, எண்ணைக் கேட்ட இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பயனாளருக்கு ஒரு நொடிகூட வேகம் கூடாது. மேனேஜருக்குப் போகும் ரிப்போர்ட் மட்டும் பச்சையாக மாறும். ஒரு நம்பிக்கையைச் சபையில் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அதே மேசையிலிருந்துதான் ரெய்டு-5 எதிர்ப்பு இயக்கமும் கிளம்பியது. பார்ஃப் என்று அதற்கு வேண்டுமென்றே குமட்டுகிற பெயர் வைத்தார்கள் நோர்கோரும் ஜேம்ஸ் மோர்லும். டிஸ்க் செலவை மிச்சப்படுத்த நிறுவனங்கள் விரும்பிய ரெய்டு-5 முறையில், சிறியதாக ஒன்றை எழுத வேண்டுமென்றாலும் பழைய தகவலைப் படி, சரிபார்ப்புத் துண்டைப் படி, புதிய தகவலை எழுது, சரிபார்ப்புத் துண்டை எழுது என்று நான்கு வேலை. எழுத்து அதிகம் நடக்கும் டேட்டாபேஸ் அதில் மூச்சு வாங்கும். ஸ்டோரேஜ் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். இவர்கள் மாநாடு மாநாடாகப் போய்ச் சொன்னார்கள். ஓக் மேசைக்காரரான கஜா கிருஷ்ண வைத்தியநாதா இன்னொரு வியாதிக்கும் பெயர் சூட்டினார்: தேவை முடிந்த பிறகும் டேட்டாபேஸை முடுக்கிக்கொண்டே இருக்கும் டியூனிங் பித்து. இன்றும் ஒவ்வொரு டீமிலும் அந்தப் பித்துள்ள ஒருவராவது இருக்கிறார்.

ஒப்பந்தத்தில் அடைபட்ட கதைகள்

தோல்வியைப் பொதுவில் சொல்வதில் எல்லை எது என்று கேட்டால், 2017 ஜனவரி 31-ஐத்தான் காட்டத் தோன்றும். மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் அன்று இரவு நகல் சர்வர் பின்தங்கிப்போனது. அதை முதலிலிருந்து திரும்பக் கட்டுவதற்காக, அதன் பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளையைப் பொறியாளர் ஒருவர் கொடுத்தார். கொடுத்த இடம் நகல் இல்லை, மூல சர்வர். ஓரிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்? தினசரி பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பாக இருந்ததால் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டிருந்தது. டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வருக்குப் போடப்பட்டிருக்கவே இல்லை. சோதனைச் சூழலுக்கென்று ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல் தற்செயலாகக் கிடந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிறகு என்ன நடந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தார்கள்; கட்டளை கொடுத்தவரின் பெயரை அதில் போடவில்லை, அவரைப் பலிகொடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு உலகத்தில் எங்கே பேக்கப் பற்றிப் பேச்சு நடந்தாலும் இந்தக் கதை வராமல் இருப்பதில்லை. திரும்ப நிறுவிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை என்று டிபிஏக்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, பெயர், தேதி, ஜிபி கணக்கோடு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

இந்தியாவிலும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. அகில இந்திய ஆரக்கிள் பயனாளர் குழு ஆண்டுதோறும் 'சங்கம்' என்ற பெயரில் மாநாடு நடத்திவருகிறது. அதே குழுவின் 'யாத்ரா' ஊர் ஊராக நகர்ந்து போகும். சென்னையும் அதில் ஒரு நிறுத்தமாக இருந்திருக்கிறது. போஸ்ட்கிரஸுக்குப் பெங்களூரில் பிஜிகான்ஃப் இந்தியா நடக்கிறது. இவற்றில் அரங்கு நிறைய ஆள் இருப்பார்கள். கேள்விகளும் நன்றாகவே வரும். குறை எங்கே என்றால் பேச்சுகளின் தன்மையில். புதுப் பதிப்பில் என்ன வந்திருக்கிறது, கிளவுடுக்கு எப்படி மாறுவது, டேட்டாபேஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்றவை அதிகம். எனக்கு இது நடந்தது, இப்படித் தப்பு செய்தோம், இந்த வரியில்தான் மாட்டினோம் என்றவை குறைவு.

துணிச்சல் இல்லாததால் இல்லை. கிட்லேப் உடைத்தது தன் சொந்த டேட்டாபேஸை. சொல்லும் உரிமையும் அதற்கே. சென்னையிலும் பெங்களூரிலும் சர்வீஸ் நிறுவனங்களில் இருக்கும் டிபிஏ உடைத்தாலும் ஒட்டினாலும் அது கிளையண்டின் டேட்டாபேஸ். வேலையில் சேரும் நாளிலேயே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு வங்கியின் சர்வர் விழுந்ததை, எந்த வங்கி என்று சொல்லாமல் சொன்னால்கூட, ஊகிக்க ஆள் உண்டு. அதனால் பத்து வருட அனுபவம் உள்ளவரும் மேடையில் ஏறினால் கையேட்டில் உள்ளதையே அழகான ஸ்லைடில் காட்டிவிட்டு இறங்குகிறார். பிறகு டீக்கடையில், மைக் இல்லாத இடத்தில், உண்மையான கதை வெளிவருகிறது. உலகத்துச் சர்வர்களில் எத்தனையோ இங்கிருந்துதான் ராத்திரியில் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. அவை விழுந்த கதைகள் டீக்கடையோடு நின்றுவிடுகின்றன.

இதற்கு வழி ஓக் மேசைக்காரர்களிடமே இருக்கிறது. ஜொனாதன் லூயிஸ் எந்த வாடிக்கையாளரின் பெயரையும் இழுப்பதில்லை. வாடிக்கையாளரிடம் பார்த்த கோளாறை, சில ஆயிரம் வரிகள் கொண்ட ஒரு பொய்யான அட்டவணையில் தன் வீட்டு மெஷினிலேயே திரும்ப உண்டாக்கிக் காட்டுவார். ஸ்கிரிப்டை எடுத்துப்போய் நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம். எஸ்.கியூ.எல். சர்வரில் தரவு சிதைந்திருக்கிறதா என்று சோதிக்கும் செக்டிபி கட்டளையை மைக்ரோசாஃப்டில் எழுதியவர்களில் ஒருவரான பால் ரேண்டல், மேடையிலேயே டேட்டாபேஸை வேண்டுமென்று சிதைத்து, மேடையிலேயே மீட்டுக் காட்டுவார். சிதைந்த டேட்டாபேஸ்களை மாதிரிக்கென்று மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்.

போஸ்ட்கிரஸ்காரருக்கு ஒரு யோசனை. அதில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் 32 பிட் எண் ஒன்று உண்டு. பழையவற்றைத் துப்புரவு செய்யாமல் விட்டால் சுமார் 214 கோடி டிரான்சாக்‌ஷன் ஆனதும் எண் சுற்றி வந்து பழையது புதியதாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த ஆபத்துக்குச் சற்று முன்னாலேயே டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். 2015 ஜூலையில் மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கும் சேவையான சென்ட்ரியும், 2019 பிப்ரவரியில் மெயில்சிம்பின் மின்னஞ்சல் சேவையான மேன்ட்ரில்லும் இதில் மாட்டித் தாங்களே அதை வெளியே சொன்னார்கள். நம் ஊரிலும் மாட்டியவர்கள் இருப்பார்கள், சொல்ல முடியாதவர்கள். 214 கோடி டிரான்சாக்‌ஷன் ஓட்டத் தேவையில்லை. போஸ்ட்கிரஸோடு வரும் கருவியாலேயே எண்ணை எல்லைக்கு அருகில் தள்ளி வைக்கலாம். காலி டேட்டாபேஸ், ஒரு லேப்டாப், ஓர் இரவு. மறுநாள் மேடையில் எழுத மறுக்கும் டேட்டாபேஸைக் காட்டி, எந்த வரிசையில் என்ன செய்தால் எழும், அவசரத்தில் எதைச் செய்தால் இன்னும் கெடும் என்று இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம். நாமே உடைத்த டேட்டாபேஸுக்கு எந்தக் கிளையண்டும் உரிமை கோர முடியாது. இருபது நிமிடம் பயமாக இருந்தால், பல மாநாடுகளில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கக்கூடிய ஐந்து நிமிட மின்னல் பேச்சு உண்டு. அதில் எழுத மறுக்கும் அந்தப் பிழைச் செய்தியையும், அதைப் பார்த்ததும் முதலில் செய்யக்கூடாத ஒரு காரியத்தையும் காட்டவே நேரம் சரியாக இருக்கும்.